குறிஞ்சி நீலத்தைப் பிடிக்க: குரோவா, சிமிலரா, கலர் ரேஞ்சா?

2018-ல் கொடைக்கானல் சரிவில் எடுத்த குறிஞ்சிப் படம் ஒன்றை, ஒரு ஹோம்ஸ்டே சுவருக்காக 24க்கு 36 இன்ச்சில் பிரிண்ட் போட வேண்டியிருந்தது. அன்றைக்கு நல்ல பனிமூட்டம். பூவின் நீலம் வெளுத்துக் கிடந்தது. பூவை மட்டும் செலக்ட் செய்து நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். அந்த ‘மட்டும்’தான் மூன்று நாளைத் தின்றது.

போட்டோஷாப்பில் மேஜிக் வாண்டால் (தொட்ட இடத்தின் நிறத்தை வைத்து செலக்ட் செய்யும் கருவி) ஒரு கொத்தைத் தொட்டு, செலக்‌ஷனைப் பெருக்கும் ‘குரோ’ கொடுத்தால், ஒட்டியிருக்கும் ஒத்த நிறம் சேரும். குறுக்கே ஒரு பச்சை இலை வந்தால் நின்றுவிடும். ‘சிமிலர்’ படம் முழுக்கத் தேடும். இரண்டுக்கும் அளவுகோல் வாண்டின் டாலரன்ஸ்தான், அதாவது எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்க்கலாம் என்ற எண். அது 32-ல் இருந்ததை மறந்து சிமிலரை அழுத்தினேன், தூரத்து மலையும் சேர்ந்து வந்துவிட்டது. நீலகிரிக்காரர்களிடம் மட்டுமா நீலமலை இருக்கிறது!

டாலரன்ஸை 12-க்கு இறக்கி, குரோவைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஒருவழியாகப் பூக்களைச் சேர்த்தேன். பிரிண்ட் போடும் தம்பி பார்த்துவிட்டு, “என்னண்ணே, பூவ வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு?” என்றான்.

அவன் சொன்னது சரி. இந்த இரண்டிலும் ஒரு பிக்சல் பெரும்பாலும் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே. பனியில் எடுத்த இதழுக்கு அப்படி எல்லை கிடையாது. ஓரம் பாதி நீலம், பாதி வெள்ளை. ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் கொடுத்தால் எல்லா ஓரமும் ஒரே அளவில் மழுங்கி, நீலம் இலையில் வழிகிறது.

கலர் ரேஞ்ச் இங்கேதான் ஜெயித்தது. நிறம் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்கு மட்டும் பிக்சலைப் பிடிக்கும். வெளுத்த ஓரம் பாதிதான் செலக்ட் ஆகும். முதலில் கையால் கோடு வரைந்து செலக்ட் செய்யும் லாஸோவால் சரிவைச் சுற்றி வளைத்துக்கொண்டேன். அதற்குள் மட்டும் தேடும் என்பதால் மலைத் தொல்லை இல்லை. பிறகு ஷிஃப்டை அழுத்தியபடி நிழலில் ஒரு பூ, வெளிச்சத்தில் ஒரு பூ தொட்டேன். ஒத்த நிறத்தை எவ்வளவு தாராளமாகச் சேர்ப்பது என்று சொல்லும் ஃபஸ்ஸினெஸ் 200 வரை போகும்; எனக்கு 35 தாண்டியதும் காய்ந்த புல் உள்ளே வந்தது. அந்த செட்டிங்கை சேவ் செய்து, அன்றைய மற்ற படங்களுக்கும் லோடு செய்துகொண்டேன்.

கிம்ப் என்ற இலவச படத்திருத்த மென்பொருளில் நான் கொஞ்ச நாள்தான் வேலை பார்த்தேன். அங்கே ‘குரோ’ என்றால் நிறம் பார்க்காமல் எல்லையை இத்தனை பிக்சல் என்று தள்ளுவது, அதாவது போட்டோஷாப்பின் ‘எக்ஸ்பாண்ட்’. பெயரை நம்பி அழுத்திவிடாதீர்கள்.

குரோவைக் கைவிட்டுவிட்டேன் என்றில்லை. போன வாரம் ஒரு சாக்லேட் கடை போர்டில் சிவப்பை மாற்றச் சொன்னார்கள். அங்கே பனியில் கரைந்த ஓரம் இல்லை. டாலரன்ஸ் 20, ஒரே குரோ, டீ ஆறுவதற்குள் முடிந்தது.