காரைக்குடியில் ஸ்கேன், மதுரையில் சிகிச்சை

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூர் போனது மாமாவின் சாந்திக் கல்யாணத்துக்காக. பாதி விடுமுறை ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. மாமாவுக்குப் பல வருஷமாக ஹெபடைடிஸ் பி, ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமி. ஈரல் சுருக்கமும் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய வயிற்று ஸ்கேனை மட்டும், "மேலுக்கு நல்லாத்தானே இருக்கேன் மாப்பிள்ளை" என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

காரைக்குடியில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மளமளவென்று முடிகின்றன. காலையில் வெறும் வயிற்றோடு போனோம். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஈரலில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. ஈரல் புற்றுக்காக ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி அளவு நார்மல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஏக நிம்மதி. அதை நம்பி உட்காரக் கூடாது. ஈரல் புற்று இருந்தும் ஏஎஃப்பி ஏறாதவர்கள் நிறையப் பேர்.

பணம் வீணானது சிடி ஸ்கேனில்தான். நாங்கள் போன இடத்தில் சாதாரண சிடி எடுத்து அனுப்பிவிட்டார்கள். மதுரை டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ட்ரைபேசிக் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். ட்ரைபேசிக் என்றால், கையில் மருந்து ஏற்றி, அது தமனி வழியாக ஈரலுக்குள் வரும்போது ஒன்று, குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வரும்போது ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று என்று அடுத்தடுத்துப் படம் பிடிப்பார்கள். மாமாவின் கட்டி முதல் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கடைசிப் படத்தில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போயிருந்தது. ஈரல் புற்றுதான் என்றார் டாக்டர். "சதை எடுத்துப் பாக்காமலே எப்படிச் சொல்றாக?" என்று அத்தைக்குச் சந்தேகம். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் பயாப்ஸி பெரும்பாலும் தேவையில்லையாம். ஆகவே சிடிக்குப் பணம் கட்டும் முன்பே ட்ரைபேசிக்தானா என்று கேட்டுவிடுங்கள். படங்களைக் குறுந்தட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டி ஒன்றுதான், மூன்று சென்டிமீட்டருக்குள், ஈரலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதனால் தோல் வழியாக ஊசி செலுத்தி மைக்ரோவேவ் சூட்டில் கட்டியைப் பொசுக்கினார்கள். பெரிதாகியிருந்தால் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி அடைக்கும் டேஸ், மாற்று ஈரல் என்று பேச்சு வேறு திசையில் போயிருக்கும். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கீழாநெல்லியை அத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார், நல்லவேளை.

பிள்ளைகளும் அத்தையும் ஹெபடைடிஸ் பி சோதனை செய்துகொள்ள வேண்டும், கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட வேண்டும் என்றார் டாக்டர். மூத்தவனும் அத்தையும் அன்றைக்கே ரத்தம் கொடுத்தார்கள். சின்னவன் இன்னும் "அடுத்த வாரம்" என்கிறான்.