சவுண்ட் கார்டே ஸ்கோப்பாக: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆடியோ ஆம்ப்ளிஃபயர் வேலைகளுக்குப் பல வருடங்களாக வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் நம்பியிருக்கிறேன். ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள். சிக்னல் ஜெனரேட்டர், ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்), ஸ்பெக்ட்ரம் அனலைசர் (சிக்னலில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று காட்டும் கருவி) எல்லாமே எனக்கு இவைதான்.

ஹார்மோனிக், அதாவது மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் திரிபு, பார்ப்பதில் இதற்கு ஈடில்லை. சாதாரண டிஜிட்டல் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 8 பிட். சவுண்ட் கார்டு 16 அல்லது 24 பிட், அதாவது இன்னும் நுணுக்கமான படிகளில் அளக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்துப் பாருங்கள். ஸ்கோப் திரையில் சுத்தமாகத் தெரிகிற அதே அலையில், 2, 3 கிலோஹெர்ட்ஸில் ஹார்மோனிக் தலைகாட்டுவது இங்கே பளிச்சென்று தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால், ஸ்பெக்ட்ரத்தில் 100 ஹெர்ட்ஸில் முள் எழும்போது, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை (ரிப்பிள்) சந்தேகிப்பேன்; 50-லேயே எழுந்தால் கிரவுண்ட் லூப் (இரு வழிகளில் கிரவுண்ட் இணைந்து உண்டாகும் சுற்று), அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். எதை அளப்பதற்கு முன்னும் லைன்-அவுட்டை நேராக லைன்-இன்னில் சொருகி, கார்டின் சொந்த இரைச்சலைப் பார்த்துவிடுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் சேர்க்கும் 'ஒலி மேம்பாடு' எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் (நொடிக்கு 48,000 முறை அளப்பதில்) 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தெரியாது. எஸ்எம்பிஎஸ் (அதிவேகமாக ஸ்விட்ச் ஆகும் பவர் சப்ளை), மைக்ரோகன்ட்ரோலர் வேலைக்கு இது உதவாது. உள்ளீட்டில் கெப்பாசிட்டர் இருப்பதால் டிசியும் அளக்க முடியாது. மெதுவான சதுர அலையின் உச்சி சரிந்து தெரிந்தால் அது கார்டின் வேலை, உங்கள் சர்க்யூட்டின் குறை அல்ல.

லைன்-இன் பொதுவாக ஓரிரு வோல்ட்தான் தாங்கும். அதனால் 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து, மிகுதி வோல்டேஜைத் தடுக்க எதிரெதிராக 1என்4148 டையோடுகளும் போட்டிருக்கிறேன். கார்டின் உள்ளீட்டு மின்தடையும் இணையாகச் சேர்வதால் கணக்குப்படி 11-ல் ஒரு பங்கு வராது. குறைந்த அதிர்வெண் சைன் அலையை மல்டிமீட்டரில் அளந்து அளவுதிருத்தம் செய்தேன். டையோடு முழுதாகக் கடத்தும் முன்பே கொஞ்சம் திரிபு சேர்க்கும். எனவே திரிபு அளக்கும்போது சிக்னலைச் சிறிதாகவே வைப்பேன்.

கிரவுண்ட் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. டெஸ்க்டாப்பின் கிரவுண்ட் மின்இணைப்பின் எர்த்தோடு சேர்ந்தது. பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயரில் (ஸ்பீக்கரின் இரு முனையையும் ஆம்ப்ளிஃபயரே இயக்கும்) ஸ்பீக்கர் முனை இரண்டுமே கிரவுண்ட் அல்ல. ஒன்றில் கார்டின் கிரவுண்டை மாட்டினால் அவுட்புட் ஷார்ட் ஆகலாம். எஸ்எம்பிஎஸ் பிரைமரி பக்கம் (வீட்டு மின்சாரம் நேராக வரும் பகுதி) போகவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் லேப்டாப் என்றாலும் அதே ஆபத்துதான்: அதன் உலோக பாகங்களிலேயே மின்சாரம் வந்து நிற்கும்.