அரசுத் தேர்வா, சொந்தத் தொழிலா?

டிகிரி முடித்த மாற்றுத்திறனாளிகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) முதலில் வாங்கிவிடுங்கள்.

வாய்ப்பு
தேர்வு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4% இடஒதுக்கீடு, குறைபாடு 40%-க்குக் குறையக்கூடாது.
தொழில்: தையல், ஜெராக்ஸ் கடை என எதுவும் சரி. மிதிக்க முடியாதவர்களுக்கு மோட்டார் வைத்த தையல் மெஷினைத் தமிழக அரசே இலவசமாகத் தருகிறது.

செலவு
தேர்வு: பணத்தைவிட வருடங்கள்தான் கரையும்.
தொழில்: சொந்தத் தொழிலுக்கு மத்திய அரசு மானியத்தோடு தரும் பிஎம்இஜிபி கடனில், மொத்தச் செலவில் நம் பங்கு 5% போதும், மானியம் நகரத்தில் 25%, கிராமத்தில் 35%. ஆனால் அந்த மானியம் கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே நிற்கும், அதுவரை தவணை தவறாமல் கட்ட வேண்டும், இதைப் பலரும் சொல்வதில்லை.

சௌகரியம்
தேர்வு: எழுத முடியாதவர்களுக்கு உதவியாளரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.
தொழில்: கதவு அகலம், மேசை உயரம் எல்லாம் நம் இஷ்டம்.

வீட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்குவார்கள் என்றால் தேர்வுக்குப் படியுங்கள். உடனே வருமானம் வேண்டும், கைத்தொழிலும் தெரியும் என்றால் தாமதிக்காமல் இந்தக் கடனுக்காக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.