மெர்லின் ஆப்: ஊர்க்குளத்தில் ஒரு மாதிரி, வால்பாறையில் வேறு மாதிரி

பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஆப். இதற்குக் காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. 2021இல் குரலை வைத்தே பறவையின் பெயர் சொல்லும் வசதி சேர்ந்த பிறகு, பைனாகுலர் இல்லாதவர்கள் கையிலும் இது இருக்கிறது. ஊர்க்குளத்தில் இதை நம்பும் அளவுக்கு மலையில் நம்பக் கூடாது.

கோவை சிங்காநல்லூர் போன்ற குளத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றால் பாதிப் பறவைகள் பட்டியலுக்கே வராது. கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் கூடு கட்டும் இடம் தவிர மற்ற இடங்களில் அநேகமாக வாய் திறப்பதில்லை. அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். கரையோர மரங்கள் பக்கம் திரும்பினால் கதை வேறு. தையல்சிட்டு, செம்பூத்து, ஆட்காட்டி போல ஒரே குரலைத் திரும்பத் திரும்ப எழுப்பும் பறவைகளைச் சட்டென்று பிடித்துவிடும். அதே பறவை மறுபடி கூப்பிட்டால் பட்டியலில் அதன் பெயர் மஞ்சளாக மின்னும். காதைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் அணில் கத்தினாலும் சில சமயம் ஏதோ ஒரு பறவையின் பெயரை ஒட்டிவிடும்.

குரல் இல்லாமல் பார்த்ததை வைத்துத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. அளவு கேட்கும் இடத்தில் சிட்டுக்குருவி, ராபின், காகம், பெருவாத்து (goose) என்று வரும். அந்த ராபின் அமெரிக்க ராபின். நம்மூர் ராபினான கருஞ்சிட்டை மனதில் வைத்து அழுத்தினால் விடை தப்பும். மைனா அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கொக்குப் படங்களிலும் ஆப் தடுமாறும். சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கால்விரல் மஞ்சள். பெரியதற்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். படத்தில் இந்த இரண்டும் தெரிந்தால் ஆப்பே தேவையில்லை.

வால்பாறை போகிறவர்கள் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்கு முன்பே, பொள்ளாச்சியில் வைஃபை கிடைக்கும்போது ஆப்பில் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கிவிடுங்கள். பல நூறு எம்பி ஆகும். இறக்கியபின் சிக்னல் வேண்டாம். லொகேஷன் மட்டும் போட்டிருக்க வேண்டும்.

மலையில்தான் இது மோசம் போகும். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். ஒரே மரத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் பாம்புக்கழுகு, வல்லூறு, மலை மைனா என்று பட்டியல் நீண்டால் கிளையில் பெரும்பாலும் ஒரே ஒரு கரிச்சான்தான் உட்கார்ந்திருக்கும். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்த இடத்தில் அந்த மாதத்தில் அரிது என்று பொருள். பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மெர்லின் சொன்னதை மட்டும் வைத்து, பார்த்த பறவைகளைப் பதியும் கார்னெலின் தளமான இபேர்டில் (eBird) பதிய வேண்டாம் என்று இபேர்டே சொல்கிறது.

பதிவு சரியாக வர, போனின் உறையைக் கழற்றி, அடிப்பக்க மைக்கைப் பறவை இருக்கும் திசையில் நீட்டி, அசையாமல் பிடியுங்கள். காற்றடித்தால் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிடுவதைவிட இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளே நல்லது. பிறகு கேட்டுச் சரிபார்க்க முடியும். ஆப்பில் இருக்கும் குரல்களை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம், அதுவும் கூடு கட்டும் காலத்தில். எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுவிட்டு வந்து நிற்கும்.

பதிவுகளெல்லாம் போனிலேயே சேரும். ஊர் திரும்பியதும் தேவையில்லாததை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் படம் எடுக்க இடம் இருக்காது.