யாங்கோனில் ஒரு நடுத்தர விலைப் போன்: தமிழும் பாட்டும் எப்படி ஓடுகின்றன

ஒரு போனின் மென்பொருள் எப்படிப்பட்டது என்று வாங்கிய முதல் மாதத்தில் தெரியாது. பாட்டு நிறைய வேண்டும், பழைய தொடர்பு எண்கள் எல்லாம் ஏற வேண்டும், ஓர் அப்டேட் வந்து எதையாவது இடம் மாற்றி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு சொல்வதுதான் பயன்படும். ஆண்ட்ராய்டு 12-உடன் நான் வாங்கிய போன் இப்போது ஆண்ட்ராய்டு 14-இல் ஓடுகிறது. 6 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, மெமரி கார்டுக்கு இடம், 3.5 மிமீ இயர்போன் துளை. யாங்கோன் கடைகளில் நடுத்தர விலைக்குக் கிடைக்கும் ரகம். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நல்லதும் குறையும் இந்த விலையில் உள்ள பல போன்களுக்கும் பொருந்தும்.

கேமரா பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு வேண்டியவை வேறு. தமிழும் பர்மியமும் ஒரே போனில் சிக்கல் இல்லாமல் எழுதவும் படிக்கவும் முடிய வேண்டும். எங்கள் பஜனைக் குழுவின் பாட்டுகள், பழைய கேசட்டிலிருந்து மாற்றியவை உட்பட, இணையம் இல்லாமலே ஓட வேண்டும். மின்சாரம் மாறி மாறி வருகிற ஊரில் வைஃபையை நம்பிப் பாட்டு கேட்க முடியாது. கோப்பாகக் கையில் இருப்பதுதான் நம்முடையது.

முதலில் பர்மிய எழுத்து. 2014-இல் வெளிநாட்டுத் தொலைபேசிக் கம்பெனிகள் வந்து சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கியபோது, நாடே ஒரேயடியாக ஸ்மார்ட்போனுக்குத் தாவியது. அந்தப் போன்களில் பெரும்பாலானவை ஸாஜி எழுத்துருவில் ஓடின. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு இருந்தும் யாரும் சீண்டவில்லை. 2019 அக்டோபர் 1-இல்தான் அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறினார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டெனப் புரியும். ‘கெ’ எழுதும்போது கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், யூனிகோடு அதை ‘க’வுக்குப் பிறகுதான் சேமிக்கிறது. பர்மியத்திலும் அப்படி இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறி உண்டு. ஸாஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, முன்னால் சேமித்தது. யூனிகோடுக்கு முன்னால் தமிழுக்கு இருந்த திஸ்கி முறையும் இதையேதான் செய்தது.

இந்தப் போனில் யூனிகோடு பர்மியம் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் பழைய போனிலிருந்து வந்த தொடர்பு எண்களில் ஸாஜியில் எழுதிய பெயர்கள் எல்லாம் குலைந்து நின்றன. மீன்கடைக்காரர் யார், குழாய் ரிப்பேர்காரர் யார் என்று எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஸாஜியை மாற்றித் தருகிற செயலிகள் உண்டு. அவற்றில் ஒட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினேன். பழைய போனிலிருந்து மாறுகிறவர்கள் இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவையுங்கள். போனே இதைச் செய்து தராது.

தமிழ் தட்டச்சு நன்றாக இருக்கிறது. போனோடு வந்த விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவது, நேரடித் தமிழ் விசைகள், விரலால் எழுதுவது, பேசி எழுதுவது எல்லாமே இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் முதல் வழியில் அடிக்கிறார்கள். ல, ள, ழ மூன்றையும் அது ஊகித்துப் போடுவதால் அவர்களுக்கு அந்த வேறுபாடே மனதில் பதிவதில்லை என்பது என் கவலை. அதனால் எங்கள் வாரக் கடைசித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியைப் போட்டு, தமிழ் 99 விசை அமைப்பைப் பழக்கிவிடுகிறேன். முதலில் முனகினார்கள். இப்போது அவர்கள் வேகம் எனக்கு வராது. தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்து மாறிக்கொள்ளலாம். நாளெல்லாம் மாறிக்கொண்டே இருந்தாலும் திணறவில்லை.

போன் முழுவதையும் தமிழில் வைத்துக் கொஞ்ச காலம் பார்த்தேன். மொழிபெயர்ப்பு மோசமில்லை. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் புள்ளி வைத்து அறுந்துவிடுகின்றன. பர்மியத்தில் வைத்தால் கடிகாரமே பர்மிய எண்களில் வரும். எனக்குப் பழக்கம்தான், ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குத்தான் மணி தெரியவில்லை. ஆண்ட்ராய்டு 13 வந்தபோது இதற்கு நல்ல வழி கிடைத்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளலாம். இப்போது போன் ஆங்கிலத்தில், நாட்காட்டி தமிழில், பணம் அனுப்பும் செயலி பர்மியத்தில். அந்தந்தச் செயலி இந்த வசதியை ஏற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்ததில் எங்கள் வீட்டுக்கு மிகவும் பயன்பட்டது எழுத்தின் அளவு. முன்பு எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்பும் சேர்ந்து வீங்கும், மற்றவை திரையை விட்டு ஓடிவிடும். “எழுத்து பெருசாத் தெரியுதுப்பா, பட்டன் எங்க போச்சு?” என்று அத்தை கேட்பார். இப்போது 200 சதவீதம் வரை ஏற்றலாம். சின்ன எழுத்து அதிகமாகவும், ஏற்கெனவே பெரிதாக இருப்பது குறைவாகவும் வளர்கிறது. அத்தை தன் போனிலும் இதே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன்.

எங்களிடம் இருக்கும் எம்பி3 கோப்புகள் பல கைகள் மாறி வந்தவை. அனோரத்தா சாலைப் பக்கம் ஒரு காலத்தில் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். அப்புறம் ஸாப்யா என்ற கோப்பு அனுப்பும் செயலியில் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டோம். அந்தக் கோப்புகளுக்குள் தலைப்பு, பாடியவர் பெயர் எல்லாம் ஐடி3 என்ற சின்னக் குறிப்பில் இருக்கும். சிலவற்றில் அது திஸ்கியில் எழுதியது. இந்தப் போனில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் கோடுகளுமாகத் தெரியும். இன்னும் சிலவற்றில் தலைப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஐடி3-யின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும், ‘மா’ என்பதே இரண்டு குறி. ஆக ஐந்தாறு எழுத்திலேயே பெயர் அறுந்துபோகும். இரண்டாம் பதிப்புக் குறிப்பாக மாற்றி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது வரிசை. போனோடு வந்த மியூசிக் பிளேயர் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ‘அன்னை’ என்று தொடங்கும் பாட்டு முன்னால் வந்து, ‘அம்மா’ பின்னால் போகிறது. அகராதி வரிசை தெரிந்தவர் ‘ன’ கடைசியில்தானே என்று கீழே தேடிக்கொண்டிருப்பார். பஜனை நடுவில் தேட நேரம் கிடையாது.

தேடலில் இன்னும் பெரிய சிக்கல். ‘கௌரி’ என்று சரியாக அடித்தால் பாதிப் பாட்டுதான் வருகிறது. மீதியை யாரோ ‘கெளரி’ என்று, கொம்போடு ‘ள’ சேர்த்து அடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போனுக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். ‘ஸ’ போட்டு எழுதும் வழக்கம் ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ போட்டு எழுதும் முறை இன்னொன்று. திரையில் வடிவம் ஒன்றேதான். அம்மன் பாட்டுத் தொகுப்பில் ‘ஸ்ரீ’ இல்லாத தலைப்பு எத்தனை இருக்கும்? பாதிக் கோப்புகள் தேடலில் அகப்படாமல் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். குழுவில் எல்லோரும் ஒரே முறையில் எழுதுவது என்று முடிவு செய்து, கோப்பின் பெயருக்கு முன்னால் வரிசை எண்ணும் போட்டோம். இது பிளேயர் செய்பவர்கள் தீர்க்கக்கூடிய விஷயம். ஒன்றுபோல் தெரியும் இந்த வடிவங்களைத் தேடும்போது ஒன்றாகக் கொள்ளச் செய்தாலே போதும். இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிக்கு அதைச் செய்து தரலாம்.

போனோடு வந்த பிளேயரைவிட எனக்கு விஎல்சி என்ற பிளேயர் பிடித்திருக்கிறது. கோப்புறையாகத் திறக்கலாம், கார்டில் நான் அடுக்கி வைத்தபடியே ஓடும். பழைய வீடியோ வகைகள் எதையும் தள்ளுவதில்லை. சப்டைட்டில் குலைந்து தெரிந்தால் எழுத்து முறையை மாற்றிப் பார்க்கும் வசதியும் உண்டு. விளம்பரம் கிடையாது.

இந்தப் போனில் என்னை மிகவும் வருத்தியது, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிடுவது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடுகிற செயலிகளைப் போன் கொன்றுவிடுகிறது. ஆரத்தி நேரத்தில் ஒலிபெருக்கி திடீரென்று ஊமையானால் எப்படி இருக்கும்? பிளேயரின் செயலித் தகவலுக்குப் போய், பேட்டரி என்பதில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று வைத்தால் பாட்டு நிற்பதில்லை. ஆனால் பெரிய அப்டேட் வந்த பிறகு அந்த அமைப்பு மறுபடி பழையபடி மாறியிருந்தது. முக்கியமான நாளுக்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

எஃப்எம் ரேடியோவுக்கு இயர்போன் கம்பிதான் ஆன்டெனா. அந்தத் துளை உள்ள போனாகப் பார்த்து வாங்கியதற்கு இதுவும் காரணம். கரண்டும் இணையமும் இல்லாத இரவில் செய்தி கேட்க இதைவிட எளிய வழி இல்லை.

மெமரி கார்டு பற்றி ஒரு வார்த்தை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் வரும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. திருவிழா முழுவதையும் ஒரே வீடியோவாக வைக்க நினைப்பவர்கள் 64 ஜிபி அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். காசு கட்டிப் படம் பார்க்கும் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் படத்தைத் திருடாமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டில் உயர்ந்த நிலையான எல்1 இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். என் போனில் எல்3தான். திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் படங்கள் பெரும்பாலும் 480பி அளவிலேயே மங்கலாக வருகின்றன. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

வீடியோ பதிவில் பகல் வெளிச்சம் அருமை, இரவில் சுமார். ஒலிதான் சங்கடம். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது போன் தானாக ஒலியை அமுக்கி, அப்புறம் ஏற்றி, மூச்சுவிடுவதுபோல் ஆக்கிவிடுகிறது. ஓப்பன் கேமரா செயலியில் ஒலி மூலத்தைப் பதப்படுத்தாததாக மாற்றி, வாசிப்பவர்களிடமிருந்து நன்றாகத் தள்ளி நின்று எடுத்தபோது தவிலின் தொப்பிப் பக்கத்து அடி தனியாகக் கேட்டது. வாசித்தவர்களே கேட்டுவிட்டு அனுப்பச் சொன்னார்கள். இன்னொன்று, வீடியோவைச் சுருக்கும் முறைகளில் புதியதான எச்.265-இல் பதிவு செய்தால், பழைய எச்.264-ஐவிட இடம் ஏறக்குறையப் பாதிதான் பிடிக்கும். ஆனால் பாகோவில் இருக்கும் உறவினரின் பழைய போனில் சத்தம் மட்டும் கேட்டது, படம் வரவில்லை. பலருக்கும் அனுப்ப வேண்டியதை எச்.264-இலேயே எடுக்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு குவிக் ஷேர் வசதியில், தூரத்தில் இருப்பவருக்கு வைபர் செயலியில் கோப்பாக அனுப்புகிறேன். சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப்போய்ச் சேரும்.

தமிழ் நாட்காட்டிச் செயலிகள் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை இந்திய நேரத்தில் திதி முடியும் மணியைக் காட்டுகின்றன. யாங்கோன் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ராகு காலத்துக்குக் கூட்டக்கூடாது. அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தது. ஊரை மாற்ற இடம் தருகிற செயலியாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

என் போனுக்கு இனிப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு கிடையாது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொஞ்ச காலம் வரும். அதுவும் நின்றதும் பணம் அனுப்பும் செயலிகளை இதிலிருந்து எடுத்துவிட்டு, பஜனைக் குழுவுக்கே கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். கார்டும் இயர்போன் துளையும் ரேடியோவும் உள்ள போன்கள் இப்போது கடைகளில் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த மூன்றும் இருப்பது கண்ணில் பட்டால், உங்கள் பாட்டுக் கார்டையே கையோடு கொண்டுபோய், ‘கௌரி’ என்று அடித்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.