பம்பலப்பிட்டியில் பாவித்த லெப்டொப் வாங்குபவர்களுக்கு: 'விண்டோஸ் போட்டுத் தாறம்' என்றால் கவனம்

பம்பலப்பிட்டியில் ஒரு கடை. 'விண்டோஸ் 11 புதுசாப் போட்டிருக்கு, எல்லாம் ரெடி' என்று ஒரு மாணவிக்குப் பாவித்த லெப்டொப் ஒன்றைக் கொடுத்தார்கள். நேரவலயம் அபுதாபி என்றே கிடந்தது, மணி ஒன்றரை மணித்தியாலம் பின்னால். 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று மாற்றக்கூட ஒருவரும் மினக்கெடவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சில மாதம் கழித்து பயாஸ் (மெஷினைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஏறியதும் நீலத்திரை வந்து, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் 48 இலக்கத் திறப்பைக் கேட்டது. கடைக்காரர் தன் மைக்ரோசொஃப்ட் கணக்கால் விண்டோஸை அமைத்ததில் டிஸ்க் தானாகவே பூட்டுப்பட்டு, திறப்பு அவருடைய கணக்கில் போய் இருந்துவிட்டது. பிறகு மாணவியின் பெயரில் கணக்குத் திறந்தும் அது மாறவில்லை. கடையில் கேட்டால், 'எந்த ஈமெயில் எண்டு ஞாபகமில்லை, திரும்ப அடிச்சுத் தாறம்.' விண்டோஸைத் திரும்ப அடித்தால் கோப்புகள் அத்தனையும் போகும்.

உங்கள் மெஷின் இப்போது திறக்கிறதா? செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி', அதற்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. ஓன் என்றிருந்தால் ஓஃப் செய்து, முடியும்வரை சார்ஜரில் விடுங்கள். உங்களுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் அட்மினாக நுழைந்து, கடைக்காரரின் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி ஓன் செய்யுங்கள். திறப்பு உங்களிடம் வரும்.

அடுத்தது, விண்டோஸ் லைசன்ஸ் அசலா என்று பார்ப்பது. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர், இடைவெளி, ஸ்லாஷ், எக்ஸ்-பி-ஆர் என்று அடித்துப் பாருங்கள். 180 நாளுக்குள் முடியும் திகதி வந்தால் அது நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் என்ற லைசன்ஸ் முறை. தனி ஆளுக்கு விற்ற மெஷினில் அது பெரும்பாலும் கிராக்தான், அதாவது திருட்டு லைசன்ஸ் போடும் புரோகிராம். விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலையும் பாருங்கள், கிராக் தனக்கு அங்கே இடம் பிடித்திருக்கலாம்.

கடை செய்ய வேண்டிய ஒழுங்கான வேலை இப்படித்தான்: மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து அடிக்கும்போது டிஸ்கின் பழைய பார்ட்டிஷன் (பிரிவு) எல்லாம் அழிப்பு, நாடு கேட்கும் திரையில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்3. அது கணக்கே திறக்காமல் விண்டோஸுக்குள் விடும்; வைஃபை, சவுண்ட் போன்றவற்றை இயக்கும் டிரைவர்களைப் போட்டுவிட்டு, அங்கே வரும் சிஸ்பிரெப் பெட்டியில் 'ஜெனரலைஸ்' டிக் செய்து ஷட்டவுன். அடுத்த முறை திறக்கும்போது நாடு கேட்கும் திரையே வரும். அந்தத் திரையில்தான் மெஷினைக் கையில் வாங்க வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே உங்கள் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். ஏதோ ஒரு கம்பனியின் பெயரோடு லொகின் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அது ஓட்டோபைலட், ஒரு கம்பனி தன் மெஷின்களைத் தன் பெயரில் பதிந்துவைக்கும் முறை; பதிவு மைக்ரோசொஃப்ட் பக்கம் இருப்பதால் எத்தனை முறை விண்டோஸ் அடித்தாலும் போகாது.

நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு முறைப்பாடு சொல்லவும் கையில் விபரம் எழுதிய பில் வேண்டும். அந்த மாணவியின் பில்லில் இருந்தது 'லெப்டொப் - 1' மட்டும்.