கச்சானுக்கு ஒரு ரோடு, வாடைக்கு ஒரு ரோடு: ராமநாதபுரத்திலிருந்து மூன்று ஞாயிறு சவாரிகள்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி வாக்கில் எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழும்: "நாளைக்கு எங்கிட்டு?" ஆள் ஏழு, ரோடு மூன்று. தனுஷ்கோடி என்பார் ஒருவர், சாயல்குடி என்பார் இன்னொருவர். தொண்டி என்று எப்போதும் ஒரே ஆள்தான் சொல்வார். அவருக்கு மாமியார் வீடு அந்தப் பக்கம். ஜூலை மாதமாக இருந்தால் மற்றவர்களிடமிருந்து பதிலே வராது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அன்றைய ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) முடிவது நம் நேரத்துக்குப் பெரும்பாலும் அந்த ஒன்பது மணியை ஒட்டித்தான். கடைசிப் பத்து கிலோமீட்டரை விட்டுவிட்டு யார் டைப் அடிப்பது?

மூன்று ரோட்டிலும் போதுமான அளவு மூச்சு வாங்கியாயிற்று. எது அழகு, எது வழவழப்பு, எங்கே புரோட்டா நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மலை ஏறுகிறவர்களுக்குக் கொடைக்கானல் இருக்கிறது, கொல்லிமலை இருக்கிறது. நம் மாவட்டம் தாம்பாளம் மாதிரி தட்டை. மேடு என்றால் பாம்பன் பாலம் ஒன்றுதான்.

ஆனி, ஆடியில் அடிப்பது கச்சான், தென்மேற்கிலிருந்து வரும். ஐப்பசிக்கு மேல் வாடை, வடகிழக்கிலிருந்து. இப்போது பட்டினம்காத்தான் செக்போஸ்ட்டில் நின்று பாருங்கள். தொண்டி ரோடு தேவிபட்டினம் வழியாக வடக்கும் வடகிழக்குமாகப் போகிறது. சாயல்குடி ரோடு கீழக்கரைக்குத் தெற்கே இறங்கி, ஏர்வாடிப் பக்கம் மேற்காகத் திரும்புகிறது. ஆகவே கச்சான் காலத்தில் சாயல்குடி போகும்போது காற்று முகத்தில், வரும்போது முதுகில். தொண்டிக்கு அப்படியே தலைகீழ். தனுஷ்கோடி ரோடு கிழக்கே போய், ராமேஸ்வரத்துக்கு அப்பால் தென்கிழக்காகச் சாய்கிறது. அங்கே கச்சானும் விலாவில்தான் குத்தும், வாடையும் விலாவில்தான் குத்தும். வலது விலாவா, இடது விலாவா என்பது மட்டும்தான் மாறும்.

தனுஷ்கோடியிலிருந்தே தொடங்குகிறேன், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர், போய் வந்தால் 150. உச்சிப்புளி, மண்டபம் வரை சொல்ல ஒன்றுமில்லை, ராமேஸ்வரம் போகும் வேன்களுக்கு ஒதுங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். பிறகு பாலம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் குழுவின் கணக்கு வாத்தியார் இதைப் போஜ்ஜோ என்பார். மிலான்–சான் ரெமோ பந்தயத்தின் கடைசியில் வரும் ஏற்றம் அது, 3.7 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு நான்கு சதவீதம்கூட இல்லை. கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ஓட்டி வந்த காலுக்கு அதுவே ரேஸை உடைக்கப் போதும். வாத்தியார் 38 கிலோமீட்டர்தான் ஓட்டி வந்திருப்பார். இருந்தாலும் பாலத்தின் நடுவில் எழுந்து நின்று மிதிப்பார்.

பக்கத்தில் நின்ற பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் விழாது. எங்கள் குழுவில் ஒரு தம்பி போன ஆடியில் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் ரிம் மாட்டிக்கொண்டு வந்தான். நேர்க்காற்றைக் கிழிக்க அது நல்ல சாமான். பக்கக்காற்றில் அது பாய்மரம். பாலத்தில் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. தாண்டும்வரை பஸ்ஸே காற்றை மறைத்தது, பஸ் விலகியதும் கச்சான் மொத்தமாக வந்து முன் சக்கரத்தில் அறைந்தது. ஒரு சாண் இடதுபக்கம் நகர்ந்துவிட்டான். கைப்பிடிச் சுவர் பக்கத்தில்தான் இருந்தது. "அண்ணே, சைக்கிள் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுண்ணே" என்று கத்தினான். பாம்பனில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் கிளாஸ் கையில் ஆடியது. அந்த ரிம்மை இப்போது வாடையும் கச்சானும் இல்லாத மாசி, பங்குனியில்தான் வெளியே எடுக்கிறான்.

ராமேஸ்வரம் தாண்டி முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் இருக்கும் ஒன்பதரை கிலோமீட்டர்தான் விஷயம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே தார் ரோடு கிடையாது. 2017-இல்தான் புது ரோடு திறந்தார்கள். போகும்போது வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். இடது கைப்பக்கம் பாக் நீரிணை, பெண் கடல். ஆடியில் வலதுபக்கம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும், இடதுபக்கம் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருக்கும். மரம் இல்லை, சுவர் இல்லை, வளைவும் இல்லை.

டூர் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொன்னதும் 2013-இன் 13-வது ஸ்டேஜ் ஞாபகம் வரும். சமதளம், கடைசி மீட்டர்களில் பாய்கிற ஸ்பிரிண்டர்களுக்கான நாள் என்று எல்லோரும் அசந்திருந்தபோது பக்கக்காற்று பெலோட்டானை, அதாவது மொத்தக் கூட்டத்தை, துண்டு துண்டாக்கியது. கடைசி 30 கிலோமீட்டர் வாக்கில் கான்டடோரின் அணி ஒரே நேரத்தில் வேகத்தைக் கூட்டியதில், மொத்தத்தில் முதலிடத்தில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர் ஃப்ரூம் பின்னால் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 9 விநாடி இழந்தார். ஸ்டேஜை வென்றது கேவண்டிஷ். அன்றைக்கு மலை என்று ஒன்றுமே இல்லை. 2016 உலகச் சாம்பியன்ஷிப்பும் அப்படித்தான். தோஹாவுக்கு வெளியே பாலைவனத்தில் பக்கக்காற்று ஆளைப் பிரித்துப் போட்டது, சாகன் வென்றார்.

பக்கக்காற்றில் நேர் பின்னால் ஒளிந்தால் பயன் இல்லை. முன்னால் போகிறவருக்குப் பின்னால், காற்று வராத பக்கமாகக் கொஞ்சம் விலகி வர வேண்டும். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் விலகி. மேலிருந்து பார்த்தால் வரிசை சாய்வாகத் தெரியும், பூநாரைக் கூட்டம் பறக்கிற மாதிரி. இதற்கு எஷலான் என்று பெயர். இதில் ஒரு சிக்கல்: ரோட்டின் அகலத்துக்கு எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. அடுத்த ஆள் ஓரத்தில் தனியாகக் காற்றைத் தின்ன வேண்டும். பந்தயத்தில் முழு ரோடும் அவர்களுக்கு. நமக்குப் பாதி ரோடு, அதில் நான்கு பேர் கொள்ளும். ஐந்தாவது ஆள் போகிற இடத்தில் தாருக்குமேல் மணல் ஏறியிருக்கும்.

ஆடியில் போகும்போது காற்று வலதிலிருந்து வருவதால் முன்னவர் நடுக்கோட்டின் பக்கம், மற்றவர்கள் இடது ஓரத்தைப் பார்த்துச் சாய்வார்கள். பரவாயில்லை. திரும்பும்போது காற்று இடதில். முன்னவர் ஓரத்தில், வரிசை நடுக்கோட்டைப் பார்த்து நீளும். கடைசி ஆள் எதிரே வரும் வேனின் கண்ணாடியைத் தொட்டுவிடும் தூரத்தில். மார்கழியில் இதே கணக்கு போகும்போது. ஆகவே எங்கள் விதி: ஆடியில் போகும்போது மட்டும் சாய்வரிசை, மார்கழியில் வரும்போது மட்டும். மற்ற நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக, காற்றை அப்படியே வாங்கிக்கொண்டு. இதற்காகத்தான் புது ஆட்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவதில்லை. அரிச்சல்முனைத் தூணுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் காரில் போகலாம்.

சாயல்குடி ரோட்டில் படம் எடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கடலும் பெரும்பாலும் கண்ணில் படாது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர், இருபுறமும் சீமைக்கருவேலம், கீழக்கரைக்கு அப்பால் பனை. எனக்கு ஜூலை மாதத்து ரோடு இதுதான். போகும்போது 20 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கிறது, நாம் 30-இல் போகிறோம் என்றால் உடம்பில் மோதுவது 50. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது காற்றில்லாத நாளைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு (நன்றி, வாத்தியார்). அதனால் யாரும் 30-இல் போக மாட்டார்கள். ஒற்றை வரிசையில் 24-இல் போவோம். முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம், அப்புறம் விலகிக் கடைசிக்கு வந்துவிட வேண்டும். முன் சைக்கிளை ஒட்டி வீல் பிடித்து வருகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். வீல் பிடிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பலவீனமானவர் களைக்கிற நேரத்தில் ரோடு திரும்பிவிடும், காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

சவாரியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகத்தைப் பார்த்து வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 30 கிலோமீட்டரை 24-இல் போனால் 75 நிமிடம். அதே தூரத்தை 36-இல் திரும்பினால் 50 நிமிடம். சராசரி 30 வராது, 28.8 தான் வரும். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் ஆகிறது அல்லவா. காற்று கடனை முழுசாகத் திருப்பித் தருவதில்லை.

இந்த ரோட்டின் சாபம் கருவேல முள். டயரில் ஏறியது தெரியாது. ஏர்வாடி தாண்டிப் பின்சக்கரம் கொஞ்சம் மெத்தென்று ஆடும், அவ்வளவுதான். ட்யூபை மாற்றிவிட்டு அவசரமாகக் காற்றடித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கும், ஏனென்றால் முள்ளின் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று மெதுவாகத் தடவ வேண்டும், குத்தினால் கிடைத்துவிட்டது. வெளியிலிருந்து நகத்தால் எடுக்க வராது, உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். 25-ஐ விட்டு 28 மில்லிமீட்டர் டயருக்கு மாறியதில் கை வலி குறைந்தது, முள் குறையவில்லை. டியூப்லெஸ் போட்ட இருவர் மட்டும் நிற்காமல் போகிறார்கள். உள்ளே ஊற்றிய பால் மாதிரியான பசை ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. நான் இன்னும் கஞ்சத்தனத்தில் ட்யூப்தான்.

அதே 2013 ஸ்டேஜில் வால்வெர்டேவின் கதை இந்த ரோட்டில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். மொத்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், காற்றில் வேகம் ஏறிய நேரத்தில் சக்கரம் கெட்டு நின்றார். அணியில் பலர் அவருக்காகப் பின்தங்கி இழுத்தும் முன்னால் போன கூட்டம் கைக்கு எட்டவில்லை. கிட்டத்தட்ட பத்து நிமிடம் போயிற்று, 16-வது இடத்துக்கு இறங்கினார். எங்கள் குழுவில் ஒருவருக்குப் பஞ்சர் என்றால் ஏழு பேரும் பனையடியில் உட்கார்ந்துவிடுவோம். கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதுகுப் பையைத் திறந்து தொதல் எடுப்பார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டியது, கையில் எண்ணெய் வழியும். கடையில் விற்கிற எனர்ஜி ஜெல் எல்லாம் அதற்குக் கால்தூசி. ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளும் என்பது மட்டும்தான் குறை.

சீசனில் சாயல்குடிப் பக்கம் பதநீர் கிடைக்கும். குடித்துவிட்டு வந்தால் சரி. பாட்டிலில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். ஒருமுறை நான் நிரப்பிக்கொண்டு வந்து, வெயிலில் குலுங்கிக் குலுங்கி, வீட்டு வாசலில் மூடியைத் திறந்ததும் நுரை சட்டைமேல் பீய்ச்சியது. வாசனையைப் பார்த்து என் வீட்டில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

தொண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரம் சாயல்குடி அளவுதான், லாரித் தொல்லை குறைவு, உப்பூர்ப் பக்கம் வெறும் வெளி, காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக ஆசை இருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய் வரலாம். தையில் இது அருமையான ரோடு. மழை விட்டிருக்கும், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வாடை முகத்தில் வாங்கிப் போய் முதுகில் வாங்கி வரலாம். ஜூலையில் இது சூனியம். போகும்போது 38, 40 என்று மீட்டர் காட்டும். எல்லோரும் தன் காலில்தான் அந்த வேகம் என்று நம்புவார்கள். நம் தொண்டிக்காரர் ஒருமுறை அந்த வேகத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார், கூடவே கேவண்டிஷ் டூரில் தன் 35-வது ஸ்டேஜை வென்று கையைத் தூக்கிய படத்தையும் போட்டார். திரும்பும் படம் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு மாமியார் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தபடி பேசினார்: "மாப்ளே, வண்டி ஏதாச்சும் வருதா அங்கிட்டு?"

ஆக, ஆனி முதல் ஆவணி வரை சாயல்குடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை எதையும் முடிவுசெய்ய விடாது. மார்கழி, தையில் தொண்டி. தனுஷ்கோடி வருடத்துக்கு இரண்டு தடவை போதும், வீல் பிடிக்கத் தெரிந்த நான்கு பேர் இருந்தால் மட்டும். காலை நாலரைக்குக் கிளம்பி, வேன்கள் எழுவதற்குள் அரிச்சல்முனையைத் தொட்டுவிட வேண்டும். தம்பிக்கு இந்தப் பட்டியலில் சம்மதமில்லை. கடலே தெரியாத ரோட்டுக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்ததே மோசடி என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நாளைக்கு ஆடி முதல் ஞாயிறு. ஐந்து மணிக்குச் செக்போஸ்ட், சாயல்குடி. ட்யூப் ஆளுக்கு இரண்டு. தொதல் காக்கா கொண்டு வருகிறார். ஆழமான ரிம்மை யாரும் மாட்டிக்கொண்டு வர வேண்டாம், தம்பி, உன்னைத்தான்.